எல்லயிலிருந்து ஒரு வாசிப்பு: பிரித்தானிய வரலாற்று நூல்களும் ஊவாத் தோட்டங்களும்

1. வினாவும் எல்லையும்

பிரித்தானிய வரலாறு பற்றிய நூல்களை மலையகத்து வாசகர் ஒருவர் எந்நோக்கிற் கற்றல் வேண்டும் என்னும் வினா, மேலோட்டமாக நோக்குமிடத்து, அவசியமற்றதொன்றாகத் தோன்றலாம். குடியேற்ற ஆட்சிக் காலத்தில் எமது நாட்டின் ஆங்கிலப் பாடசாலைகளில் வரலாறு என்ற பெயரிற் கற்பிக்கப்பட்டது பெரும்பாலும் இங்கிலாந்தின் வரலாறே. கேம்பிரிட்ஜ், லண்டன் பரீட்சைகளுக்குத் தோற்றிய மாணவர் அந்நாட்டு மன்னர்களின் ஆட்சியாண்டுகளை மனனஞ் செய்தனர். தமது ஊரின் குளத்தைக் கட்டியவர் யாரென அறியாதிருந்தனர். அக்கல்வி முறை ஒழிந்தமை நன்மையே. அவ்வாறாயின் அந்நூல்களை மீண்டும் கையிலெடுப்பது எதற்காக?

ஊவாத் தோட்டமொன்றிலிருந்து பல்கலைக்கழகம் வந்த மாணவர் ஒருவர் வகுப்பில் எம்மிடம் இதனையே கேட்டார்: “இங்கிலாந்துச் சரித்திரத்தில எங்களுக்கு என்ன வேலை, சேர்?” அவ்வேளையில் நாம் கூறிய விடை எமக்கே நிறைவளிக்கவில்லை. அவ்விடையைத் திருத்திக் கூறும் முயற்சியே இக்கட்டுரை.

எமது கருத்தினைச் சுருக்கமாக முதலிலேயே கூறிவிடலாம். பிரித்தானியாவின் வரலாறும் ஊவாத் தோட்டங்களின் வரலாறும் ஒரே வரலாறாகும். அவ்வரலாறு இரு வேறு அட்டைகளுக்குட் கட்டப்பட்டு, இரு வேறு அலுமாரிகளில் வைக்கப்பட்டுள்ளது. ஓர் அலுமாரியில் இங்கிலாந்தின் விவசாயி நிலமிழந்த கதையும், தொழிலாளி உரிமை பெற்ற கதையும், தேநீர் குடிக்கும் பழக்கம் பரவிய கதையும் உள்ளன. மற்றையதில் இலங்கைக்கு வந்த படைவீரர், அதிகாரிகள், துரைமார் ஆகியோரின் நினைவுக் குறிப்புகளும் பெருந்தோட்டக் கைந்நூல்களும் உள்ளன. முதலாவதைப் படிப்போர் இரண்டாவதைத் தொடுவதில்லை; இரண்டாவதைப் படிப்போர் முதலாவதின் துணையின்றியே படிக்கின்றனர். இவ்விரண்டையும் ஒருசேர வைத்து வாசிக்கும்போதே இரண்டினதும் மௌனங்கள் புலனாகின்றன.

இவ்வாசிப்புக்கு எல்ல என்னும் இடத்தைத் தெரிந்துகொண்டமைக்குக் காரணமுண்டு. எல்லக் கணவாயில் நிற்பவருக்குத் தெற்கே வெல்லவாயப் பக்கத்துத் தாழ்நிலம் தெரியும். பின்புறத்தே பண்டாரவளை, தெமோதரை, பதுளை என்னும் திசைகளிலே தேயிலை மலைகள் விரியும். 1818இல் எரியுண்ட கிராமங்களின் நிலமும், அதன்பின் எழுந்த தோட்டங்களின் நிலமும் இம்மாகாணத்தில் ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கின்றன. பயண நூல்கள் எல்லயை ஒரு காட்சியாகவே வருணித்தன. அக்காட்சியை ஒரு வரலாற்றுச் சான்றாகக் கொள்வது எமது நோக்கம்.

2. நேர்மையான சாட்சியின் வரையறை

ஊவாவைப் பற்றிய பிரித்தானிய எழுத்துகளுள் ஜோன் டேவியின் நூல் முதலிடம் பெறத்தக்கது. புகழ்பெற்ற இரசாயன அறிஞர் ஹம்பிறி டேவியின் சகோதரரான இவர், 1816 முதல் 1820 வரை படை மருத்துவராக இலங்கையிற் பணியாற்றினார். தீவின் உட்பகுதி பற்றிய இவரது நூல் 1821இல் லண்டனில் வெளியாயிற்று. 1817ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஊவா – வெல்லஸ்ஸப் பகுதியில் மூண்டெழுந்த கிளர்ச்சியையும், ஆளுநர் பிறவுண்றிக்கின் படைகள் அதனை அடக்கிய முறையையும் இவர் அண்மையில் நின்று கண்டவர்.

டேவி உண்மையை மறைத்தவரல்லர். பிரித்தானியத் தரப்பில் ஏறத்தாழ 1,000 பேரும், சுதேச மக்களில் அதனைப் போல் பத்து மடங்கினரும் போரினாலும் நோயினாலும் பஞ்சத்தினாலும் மாண்டிருக்கலாம் என அவர் கணித்தார். வெற்றி பெற்ற படையைச் சேர்ந்த ஒருவர், வெற்றி கிட்டிய மூன்றாண்டுகளுக்குள் இதனை அச்சேற்றினார் என்பது மனங்கொள்ளத்தக்கது. ஆயினும் அதே நூலில் கிளர்ச்சி முடிந்ததும் நாட்டின் மண்வளமும் நீர்வளமும் தட்பவெப்பமும் ஆராயப்படுகின்றன. இழப்பை எண்ணிய கையே நிலத்தின் பயனையும் எண்ணுகின்றது. இதனை டேவியின் கபடம் எனக் கொள்ளுதல் பொருந்தாது. அறிவைத் திரட்டுவதும் ஆட்சியை நிலைநாட்டுவதும் ஒரே பணியின் இரு பகுதிகளாக இருந்த காலம் அது.

மற்றொரு படை மருத்துவரான ஹென்றி மார்ஷல் 1846இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூல் இம்முரண்பாட்டினை இன்னும் கூர்மையாகக் காட்டுகின்றது. கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்டுக் கிளர்ச்சியாளருடன் இணைந்த கெப்பெட்டிபொல, 1818 நவம்பர் 26ஆம் திகதி கண்டியிற் சிரச்சேதம் செய்யப்பட்டார். அக்கிளர்ச்சி வெற்றியடைந்திருப்பின் துரோகி எனப்பட்டவர் தேசபக்தர் எனப் போற்றப்பட்டிருப்பார் என்னும் கருத்தை மார்ஷல் துணிந்து எழுதினார். அதே மார்ஷலின் வழியாகவே கெப்பெட்டிபொலவின் மண்டையோடு எடின்பரோவிலிருந்த மண்டையோட்டியற் சங்கத்தின் அரும்பொருட் சாலையைச் சென்றடைந்தது. மனிதனை மதித்தவரே அவனது தலையை ஆய்வுப் பொருளாகவும் கொண்டார்.

அம்மண்டையோடு 1948இல் இலங்கைக்கு மீட்டுக் கொணரப்பட்டது. அதே ஆண்டில், ஊவாவையும் மத்திய மலைநாட்டையும் தமது உழைப்பால் உருவாக்கிய இந்திய வம்சாவளித் தொழிலாளரின் பெரும்பகுதியினர் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராயினர். தேசம் தனது வீரனின் எலும்பை மீட்டெடுத்த ஆண்டும், உயிருள்ள மக்களைக் கைவிட்ட ஆண்டும் ஒன்றே. ஒரு மக்கட் கூட்டத்தினருக்கு வரலாறு உண்டென ஏற்கப்படுவதும் மறுக்கப்படுவதும் ஏட்டுப் பிரச்சினைகள் மாத்திரமல்ல என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

3. நிலம்: இரு நாடுகளில் ஒரு செயல்

ஜே. எல். ஹமண்ட், பார்பரா ஹமண்ட் தம்பதியினர் 1911இல் வெளியிட்ட கிராமத் தொழிலாளி பற்றிய நூல், பிரித்தானிய வரலாற்றெழுத்தில் ஒரு திருப்புமுனை. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும், பாராளுமன்றச் சட்டங்களின் துணைகொண்டு, பொதுமேய்ச்சல் நிலங்கள் வேலியடைக்கப்பட்டமையை அது விபரிக்கின்றது. மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் வழக்காற்றுரிமை பெற்றிருந்த எளியவரிடம் பத்திரம் கேட்கப்பட்டது. பத்திரம் காட்ட இயலாதோர் கூலிகளாயினர். பின்வந்த பொருளியல் வரலாற்றாசிரியர் சிலர் ஹமண்ட் தம்பதியினர் துன்பத்தை மிகைப்படுத்தினர் எனக் கண்டித்தனர். கண்டனங்களில் நியாயம் உண்டாயினும், சட்டம் எவர் கையிலிருந்து எவர் கைக்கு நிலத்தை மாற்றியது என்ற அவர்களது அடிப்படை வினா இன்றும் வலுவிழக்கவில்லை.

இந்நூலை எல்லயில் வைத்து வாசிப்பவர் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தை நினைவுகூராதிருத்தல் இயலாது. காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாதனவாகவும் உள்ள நிலங்கள் யாவும், மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியன என அச்சட்டம் கொண்டது. சேனைப்பயிர் செய்தும் காட்டில் மாடு மேய்த்தும் வாழ்ந்த கண்டிய விவசாயியிடம் எழுத்து மூலமான உறுதி எங்ஙனம் இருக்கும்? இங்கிலாந்தின் கிராமத்தவனிடம் கேட்கப்பட்ட அதே பத்திரமே இங்கும் கேட்கப்பட்டது.

நிலத்தை வாங்கியோர் யார் என்பதற்குச் சாட்சி வெளியிலிருந்து வரவேண்டியதில்லை. 1845 முதல் 1850 வரை குடியேற்றச் செயலாளராக இருந்த எமேர்சன் ரெனன்ற், 1859இல் வெளியான தமது இரு தொகுதி நூலில், ஆளுநரும் படையதிகாரிகளும் நீதிபதிகளும் மதகுருமாரும் குடிசார் சேவையினரிற் பாதிப்பேரும் மலைகளிற் புகுந்து முடிக்குரிய காணிகளை வாங்கிய நிலையினைத் தாமே குறிப்பிடுகின்றார். சட்டத்தை ஆக்கியோரும், அதன்படி தீர்ப்பளித்தோரும், அதனாற் பயனடைந்தோரும் ஒருவரே. ரெனன்ற் இதனை ஒரு பேராசைக் காய்ச்சலாக, சிறிது ஏளனத்துடன் கூறிச் செல்கிறார். ஹமண்ட் தம்பதியினரின் நூலை அருகில் வைத்துப் படிக்கும்போது அது காய்ச்சலன்று, ஒரு வர்க்கத்தின் வழமையான நடைமுறை என்பது தெளிவாகும்.

இவ்விடத்தில் முற்போக்கு வாசகர் கவனிக்கவேண்டிய ஒரு செய்தி உண்டு. சிங்கள விவசாயி நிலமிழந்த வரலாறும், தமிழ்த் தொழிலாளி அந்நிலத்திற் கூலியான வரலாறும் பிற்கால அரசியலில் ஒன்றுக்கொன்று பகையான இரு வரலாறுகளாக்கப்பட்டன. தோட்டத் தொழிலாளியே கிராமத்தவனின் நிலத்தைப் பறித்தவன் என்பது போன்ற எண்ணம் வளர்க்கப்பட்டது. நிலத்தைப் பறித்த சட்டத்தின் மூலத்தை அறியாதோரிடையேதான் அவ்வெண்ணம் வேரூன்ற முடியும். ஊவாவின் இரு மக்கட் பிரிவினரும் ஒரே கரத்தினால், ஒரே காலப்பகுதியில், இரு வேறு முறைகளில் உடைமையிழந்தவர்கள். பிரித்தானிய நில வரலாற்றை அறிதல் இங்கு இன நல்லுறவுக்கு உதவும் அறிவாகவும் அமைகின்றது.

4. உழைப்பு: விடுதலையின் எல்லைக்கோடு

பிரித்தானியப் பேரரசில் அடிமை முறையை ஒழித்த 1833ஆம் ஆண்டுச் சட்டம், எந்தப் பிரித்தானிய வரலாற்று நூலிலும் மனிதநேயத்தின் பெருவெற்றியாக இடம்பெறும். கிழக்கிந்தியக் கம்பனியின் ஆள்புலங்களும், இலங்கையும், சென்ற் ஹெலனா தீவும் அச்சட்டத்தின் செயற்பாட்டிலிருந்து விலக்கப்பட்டிருந்தன என்பது அந்நூல்கள் பலவற்றில் ஓர் அடிக்குறிப்பாகவேனும் வருவதில்லை. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி முற்றாக ஒழிந்தது 1844இலேயே. ஊவாத் தொழிலாளர் அடிமைகளாகக் கொணரப்பட்டவரல்லர். ஆதலின் இவ்விலக்கு அவர்களை நேரடியாகப் பாதித்ததெனக் கூறுதல் தவறாகும். எனினும் பேரரசின் அறம் எந்த எல்லைக்கோட்டுடன் நின்றது என்பதை இது சுட்டுகின்றது.

இங்கு எறிக் வில்லியம்ஸ் 1944இல் வெளியிட்ட முதலாளித்துவமும் அடிமைமுறையும் பற்றிய நூல் எமக்குத் துணைபுரிகின்றது. மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைப் பொருளாதாரம் பிரித்தானிய முதலாளித்துவ வளர்ச்சிக்கு உதவியதையும், அம்முதலாளித்துவம் முதிர்ந்தபோது அடிமை முறையே அதற்குத் தடையாயிற்று என்பதையும் அவர் வாதிட்டார். அவரது முடிவுகள் பற்றி இன்றும் விவாதம் நிகழ்கின்றது. வில்லியம்ஸின் நூல் அத்திலாந்திக் சமுத்திரத்துடன் நின்றுவிடுகிறது. அடிமை முறை ஒழிந்தபின் மேற்கிந்தியக் கோப்பி வீழ்ச்சியுற, மூலதனமும் அனுபவமும் கிழக்கு நோக்கித் திரும்பியமை அதன் தொடர்ச்சியாக வாசிக்கப்படல் வேண்டும்.

அத்தொடர்ச்சிக்கு நூற்சான்றே உண்டு. ஹெயிற்றியின் பழைய பெயரான சென்ற் டொமிங்கோவில் அடிமைகள் 1791இற் கிளர்ந்தெழுந்தனர். அங்கிருந்து வெளியேறிய பிரெஞ்சுத் தோட்ட உரிமையாளரான லபோரி, 1798இல் லண்டனில் ஒரு கோப்பிச் செய்கைக் கைந்நூலை வெளியிட்டார். காடழித்தல், நாற்று நடுதல், கத்தரித்தல் ஆகியவற்றோடு அடிமைகளை நிர்வகிக்கும் முறையினையும் அது கற்பித்தது. இந்நூலே இலங்கையின் தொடக்ககாலத் துரைமாருக்கு வழிகாட்டியாயிற்று. யமேக்காவிற் பயிற்சி பெற்ற றொபேட் போய்ட் ரைற்லர் 1837இல் இலங்கை வந்து மேற்கிந்தியச் செய்கை முறையினைப் பரப்பினார். 1866இல் வெளிவந்த சபொனாடியேரின் இலங்கைக் கோப்பித் தோட்டக்காரர் பற்றிய கைந்நூல் இம்மரபில் வந்ததே. அடிமை என்ற சொல் அங்கில்லை. கூலி என்ற சொல் உண்டு. எனினும் தொழிலாளரை வரிசையாக நிறுத்திக் கணக்கெடுத்தல், குழுக்களாகப் பிரித்தல், வரிசைக் குடியிருப்புகளில் அடைத்தல் ஆகிய ஒழுங்குகள் நிலைபெற்றன. விடியலிற் பிரட்டுக்குத் தப்பு முழங்குவதைக் கேட்டு வளர்ந்த வாசகருக்கு இக்கைந்நூல்கள் அந்நியமானவையாகத் தோன்றா.

ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. ஹியூ ரிங்கர் 1974இல் தாம் எழுதிய நூலில் கடல் கடந்த இந்தியத் தொழிலாளர் நிலையை ஒரு புதிய அடிமைமுறை என வருணித்தார். மொரிசியஸ், பிஜி முதலிய நாடுகளில் நிலவிய ஐந்தாண்டு ஒப்பந்த முறை இலங்கையில் நிலைபெறவில்லை. இங்கு சட்டப்படி தொழிலாளி மாத ஒப்பந்தத்துக்கு உட்பட்ட ‘சுதந்திரமான’ ஆள். அவனைப் பிணித்தது கங்காணியிடம் அவன் பட்ட கடன். ஒரு தோட்டத்தைவிட்டு மற்றொன்றுக்குச் செல்ல அக்கடனைத் தீர்ப்பதற்கான ‘துண்டு’ வேண்டியிருந்தது. அக்கடனுக்கு அரணாக நின்றது சட்டம்.

அச்சட்டத்தை நோக்குவோம். இங்கிலாந்தில் எசமான் – ஊழியர் சட்டங்களின் கீழ், வேலை ஒப்பந்தத்தை மீறும் எசமான் குடியியல் வழக்குக்கு மாத்திரம் உட்பட்டான். மீறும் தொழிலாளியோ குற்றவாளியாகச் சிறை சென்றான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 10,000 வழக்குகள் இச்சட்டங்களின் கீழ்த் தொடரப்பட்டன. தொழிற்சங்கங்களின் நீண்ட போராட்டத்தின் விளைவாக 1875இல் இக்குற்றவியல் தண்டனை நீக்கப்பட்டது. பிரித்தானியத் தொழிலாளர் வரலாற்று நூல்கள் இவ்வாண்டை ஒரு மைல்கல்லாகக் கொள்வது நியாயமே.

இலங்கையில் இதே சட்டத்தின் வாரிசாக 1841ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழிலாளர் கட்டளைச் சட்டமும் நடைமுறைக்கு வந்தன. முன்னறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டு நீங்கிய தொழிலாளிக்கு அபராதமும் கூலியிழப்பும் சிறையும் விதிக்கப்படலாயின. 1875இல் லங்காஷயர் நெசவாளி விடுதலை பெற்ற குற்றத்துக்கு, பசறையிலும் மடுல்சீமையிலும் இருந்த தொழிலாளி 1920களின் தொடக்கம் வரை, ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம், சிறை செல்லக் கூடியவனாகவே இருந்தான். 1875 என்னும் ஆண்டைப் பேரரசு முழுவதற்குமான ஆண்டாக எழுதும் நூல் பொய் கூறவில்லை. பாதி உண்மையைக் கூறுகிறது. டக்ளஸ் ஹேயும் போல் கிறேவனும் பதிப்பித்து 2004இல் வெளிவந்த, எசமானர், ஊழியர், நீதவான்கள் பற்றிய பெருந்தொகுப்பு, பிரித்தானியாவையும் அதன் குடியேற்ற நாடுகளையும் இவ்விடயத்தில் ஒருசேர ஆராய்ந்தது. நாம் வேண்டும் ஒருங்கிணைந்த வாசிப்பு இயலும் என்பதற்கு அதுவே சான்று.

5. தேநீர்க் கோப்பையின் இரு பக்கங்கள்

ஜீ. எம். திரெவெலியனின் இங்கிலாந்துச் சமூக வரலாறு 1944இல் பிரித்தானியாவில் வெளியாகிப் பெருந்தொகையான வாசகரைச் சென்றடைந்தது. யுத்தத்தின் இடர்ப்பாடுகளின் நடுவே வாசித்த மக்களுக்குத் தம் முன்னோரின் உணவு, உடை, வீடு, விளையாட்டு ஆகியவற்றை அழகுற எடுத்துக்காட்டிய நூல் அது. நடையழகில் அதற்கு நிகரானவை சிலவே. அன்றாட வாழ்வு வரலாற்றுக்குரிய பொருள் என்பதை நிலைநாட்டியதில் அதன் பங்கு மறுக்கற்பாலதன்று. ஆயினும் அந்நூலின் அமைப்பிற் பண்டங்கள் நுகர்வோரின் மேசையில் தோன்றுகின்றன. அவற்றை ஆக்கியோரின் வாழ்வு சமூக வரலாற்றின் பகுதியாவதில்லை. தேநீர் இங்கிலாந்தின் பழக்கமாயிற்று என்பது சமூக வரலாறு. கொழுந்து பறிப்பவரின் வாழ்வு அவ்வாறன்று என்பதே அதன் உள்ளார்ந்த வரையறை.

இத்துடன் பரவலான ஒரு தவறான கருத்தையும் திருத்தவேண்டியுள்ளது. இலங்கையில் கோப்பி அழிந்தமையாலேயே பிரித்தானியர் தேநீர் அருந்துவோராயினர் என ஜனரஞ்சக நூல்கள் பல கூறுகின்றன. கோப்பி இலைநோய் இலங்கையில் முதன்முதல் இனங்காணப்பட்டது 1869இல், பதுளைக்கு அப்பாலுள்ள மடுல்சீமையில். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே பிரித்தானியர் சீனத் தேயிலைக்குப் பழகிவிட்டனர். மாறியது நாவின் சுவையன்று. தேயிலை விளையும் இடமும் அதனை விளைவிக்கும் உழைப்புமே. 1867இல் ஜேம்ஸ் ரெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தொடங்கிய செய்கை விரைந்து பரவியது. 1880களின் இறுதியில் இந்திய, இலங்கைத் தேயிலைகள் சீனத் தேயிலையைப் பிரித்தானியச் சந்தையிற் பின்தள்ளின. 1890இல் தோமஸ் லிப்டன் இலங்கை வந்து ஹப்புத்தளையின் தம்பத்தனை உள்ளிட்ட தோட்டங்களை வாங்கினார். தோட்டத்திலிருந்து நேரே கோப்பைக்கு என்ற அவரது விளம்பரத் தத்துவம் இடைத்தரகரை நீக்கியதாகப் பெருமை கொண்டது. அதே விளம்பரம் தோட்டத்துக்கும் கோப்பைக்கும் இடையிலிருந்த உழைப்பையும் பார்வையினின்று நீக்கிவிட்டது. தேயிலையின் நூற்றாண்டை ஒட்டி 1967இல் வெளியான டி. எம். பொறெஸ்றின் வரலாறு தகவற் செறிவுள்ளது. எனினும் அதன் நாயகர்கள் தோட்டக்காரரும் வணிகருமே.

முற்போக்கு வரலாற்றாசிரியர்களிடம் நிலை வேறா? ஏ. எல். மோட்டன் 1938இல் வெளியிட்ட இங்கிலாந்தின் மக்கள் வரலாறும், ஈ. பி. தொம்சன் 1963இல் வெளியிட்ட ஆங்கிலத் தொழிலாளர் வர்க்க உருவாக்கம் பற்றிய பெருநூலும் எமது தலைமுறையினரின் சிந்தனையை உருவாக்கியவை. வர்க்கம் என்பது இயந்திரத்திலிருந்து தானாக வெளிவரும் பொருளன்று, மனிதர் தம் அனுபவத்தினால் ஆக்கிக்கொள்ளும் உறவு என்பதைத் தொம்சனிடமிருந்தே பலர் கற்றோம். தோற்றுப்போன கைவினைஞரையும் வரலாற்றின் ஏளனத்திலிருந்து மீட்டெடுத்தமை அவரது பெரும் பணி. ஆனால் அவ்வர்க்கம் தன்னைத்தானே ஆக்கிக்கொண்ட 1780 – 1832 காலப்பகுதியில் அதன் ஆட்சியாளர் ஊவாவை எரித்தனர் என்பது அவரது நூலின் வட்டத்துக்கு வெளியே நிற்கின்றது. வங்காளத்தில் மதப்பணியாளராக இருந்து இந்தியா பற்றி நிறைய எழுதிய எட்வேட் தொம்சனின் மைந்தர் அவர் என்பதை எண்ணும்போது இவ்விடைவெளி மேலும் சிந்திக்கத் தூண்டுகின்றது. எறிக் ஹொப்ஸ்போம் 1968இல் வெளியிட்ட கைத்தொழிலும் பேரரசும் பற்றிய நூல், பிரித்தானியக் கைத்தொழில் வளர்ச்சியைக் கடல் கடந்த சந்தைகளோடு இணைத்துக் காட்டியதால் ஒருபடி முன்சென்றது. அங்கும் பேரரசு சந்தையாகவும் மூலதனக் களமாகவும் வருகிறதேயன்றி, மக்கள் வாழுமிடமாக வருவதில்லை.

இதனைக் கூறுவது அவ்வாசிரியர்களைக் குறைகூறுவதற்காகவன்று. அவர்கள் தந்த முறையினையே அவர்கள் நின்ற எல்லைக்கு அப்பாற் கொண்டுசெல்லுதல் எமது கடன்.

6. மறுப்புகளும் பணிகளும்

எமது கருத்துக்கு இரு மறுப்புகள் எழலாம். முதலாவது, எசமானரின் நூல்களை விடுத்து மக்களின் பாடல்களையும் வாய்மொழியையும் ஆதாரமாகக் கொள்ளவேண்டும் என்பது. இக்கருத்தின் நியாயத்தை நாம் மதிக்கிறோம். மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளையின் பணி எந்த ஆவணக் காப்பகமும் செய்யாதது. 1970இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அவரது ‘உழைக்கப் பிறந்தவர்கள்’ தோட்டத்து வாழ்வை உள்ளிருந்து காட்டியது. ஆனால் பாடல் துன்பத்தைக் கூறும். துன்பத்துக்குக் காரணமான சட்டத்தின் இலக்கத்தைக் கூறாது. கங்காணியைப் பழிக்கும் பாடல் உண்டு. கங்காணிக்குப் பின்னால் நின்ற ஏசன்சி நிறுவனத்தையும் லண்டன் பங்குதாரரையும் பாடல் காண்பதரிது. இரு சான்றுகளும் ஒன்றையொன்று நிறைவு செய்யவேண்டும்.

இரண்டாவது மறுப்பு, ஆங்கில நூல்களிலேயே இன்று அனைத்தும் வந்துவிட்டன என்பது. குமாரி ஜயவர்தன இலங்கைத் தொழிலாளர் இயக்கத்தின் எழுச்சி பற்றி 1972இல் வெளியிட்ட நூலும், பற்றிக் பீபிள்ஸ் தோட்டத் தமிழர் பற்றி 2001இல் வெளியிட்ட நூலும், ஜேம்ஸ் டங்கன் கோப்பிக் காலத்தின் காலநிலை, இனம், உடல் மீதான அதிகாரம் ஆகியன பற்றி 2007இல் வெளியிட்ட நூலும் பெரும் முன்னேற்றங்களே. ஆனால் இவை எம்மொழியில், எவர் கையில் உள்ளன? தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வியளிக்கும் கடமையைத் தோட்ட நிர்வாகத்தின் மேல் சுமத்திய 1907ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னரும், நெடுங்காலம் அப்பிள்ளைகளின் படிப்பு ஆரம்ப வகுப்புகளுடன் நின்றது. அவர்களது பேரப்பிள்ளைகள் இன்று பல்கலைக்கழகம் வருகின்றனர். அவர்களது முன்னோரைப் பற்றிய அறிவு அவர்களால் வாங்கவியலாத விலையில், அவர்கள் தடுமாறி வாசிக்கும் மொழியில் உள்ளது.

ஆகவே பணிகள் தெளிவானவை. மேற்குறித்த நூல்களின் முக்கிய பகுதிகள் தமிழிலும் சிங்களத்திலும் பெயர்க்கப்படல் வேண்டும். 1841, 1865ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டங்கள் விளக்கக் குறிப்புகளுடன் மாணவர் கைக்கு எட்டவேண்டும். 1940 மே மாதத்தில் பதுளைக்கு அண்மையிலுள்ள வெவெஸ்ஸ தோட்டத்திற் தொழிலாளர் தம் குழுவைத் தெரிந்து நிர்வாகத்தோடு நேர்நின்ற போராட்டம் போன்றவை, பிரித்தானியத் தொழிலாளர் வரலாற்றின் அத்தியாயங்களோடு ஒப்பிட்டுக் கற்பிக்கப்படல் வேண்டும். அப்போராட்டத்தை ஓர் உள்ளூர்க் கலவரமாகப் பொலிஸ் கோவைகளில் விட்டுவைத்தல் தகாது.

2023இல் மலையக மக்களின் இருநூறாண்டு நினைவுகூரப்பட்டு, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபவனி நிகழ்ந்தது. முன்னோர் நடந்த பாதையை வழித்தோன்றல்கள் மீள நடந்தமை உணர்ச்சி மிக்க செயல். அப்பாதையின் தொடக்கம் மன்னாரில் இல்லை. இராமநாதபுரம், மதுரை, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களின் வறண்ட கிராமங்களிலும், லண்டனின் பங்குச் சந்தையிலும், வெஸ்ற்மின்ஸ்ரரின் சட்டசபையிலும் அது ஒரே வேளையில் தொடங்கியது என்பதை உணர்த்துவது வரலாற்றாசிரியரின் பொறுப்பு.

இன்று எல்ல ஓர் உல்லாசப் பயண நகரம். எல்லக்கும் தெமோதரைக்கும் இடையே 1921இல் நிறைவுற்ற ஒன்பது வளைவுப் பாலத்தைக் காண உலகின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் வருகின்றனர். பாலத்தின் நீளம், உயரம், இரும்பின்றிக் கட்டப்பட்ட திறன் ஆகியவற்றை வழிகாட்டி நூல்கள் கூறுகின்றன. அப்பாதை 1924இற் பதுளையை அடைந்தது எவற்றை ஏற்றிச் செல்வதற்காக என்பதையும், பாலத்தின் இருமருங்கும் உள்ள சரிவுகளிற் கொழுந்து பறிப்போர் எச்சட்டங்களின் கீழ் அங்கு வந்தனர் என்பதையும் அவை கூறுவதில்லை.

எம்மிடம் வினவிய மாணவருக்கு இப்போது நாம் கூறக்கூடிய விடை இதுவே: இங்கிலாந்துச் சரித்திரத்தில் உங்களுக்கு வேலை உண்டு. உங்கள் பாட்டனாரும் பாட்டியாரும் அதில் ஏற்கெனவே நூறாண்டுக்கு மேலாக வேலை செய்திருக்கிறார்கள். அவர்களது பேர் மாத்திரம் செக்ரோலில் நின்றுவிட்டது, நூலில் ஏறவில்லை. அதனை ஏற்றும் பணி எஞ்சியிருக்கிறது.